இருக்கேன்னு ஒரு வார்த்தை

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம். அந்த ஜன்னலைச் சாத்திடு... மெதுவா. போனையெல்லாம் கவுத்து வைங்க. இதை நான் கத்திச் சொல்ல முடியாது, நடுவுல யாரும் எழுந்து போகவும் கூடாது. தண்ணி குடிக்கணும்னா இப்பவே குடிச்சுக்கோங்க.

விடியக்காலை அஞ்சு மணி அஞ்சு நிமிஷம். மூடிக் கிடக்கிற ஒரு பிஸ்கட் பேக்டரி. அதோட மதிலை ஒட்டி ஒரு ரோடு... ஈ காக்கா இல்லாத ரோடு. தெருவிளக்கு ஒண்ணு எரிஞ்சா மூணு எரியாது. பேக்டரியை மூடி பதினோரு வருஷம் ஆச்சு. ஆனா மழை பெஞ்சு விட்டா அந்தச் செவுத்துல இருந்து இன்னமும் வெண்ணெய் கருகின வாசனை வரும். அன்னைக்கும் மழை பெஞ்சு அப்பத்தான் விட்டிருந்துச்சு.

அந்த ரோட்டுல ஒரு அம்மா தனியா நடந்து போறாங்க. வயசு அறுபத்தேழு. ஒரு கையில குடை. இன்னொரு கையில போன்... காதோட வெச்சு அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. போன்ல ஒரு ஆம்பளைக் குரல் வழி சொல்லிட்டு வருது.

"நேரா வாங்க. மதில் முடியற வரைக்கும் எங்கயும் திரும்ப வேண்டாம்."

இந்த அம்மா யாருன்னா, என்கூட வேலை பார்க்கிற சிநேகிதியோட பெரியம்மா. அவ பொய் சொல்ற ஆள் இல்ல. லீவு வாங்கறதுக்குக்கூட ஒரு காய்ச்சல் தலைவலின்னு சொல்லத் தெரியாது அவளுக்கு. அவ எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன்.

பெரியம்மாவுக்குத் தெருவுல பேரு மைக்கம்மா. ரயில்வே ஸ்டேஷன்ல இருபத்தெட்டு வருஷம் மைக்குல அறிவிப்பு சொன்னவங்க. எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருது, எது எவ்வளவு லேட்டு... எல்லாம் அவங்க குரல்தான். அவங்க வீட்டுக்காரர் தண்ணி பம்ப் ஸ்டேஷன்ல ஆபரேட்டர். காது பம்ப் சத்தத்துலயே மந்தமாப் போனவர், அதனால வீட்டுல எல்லாமே சத்தமாத்தான் நடக்கும். டிவி சத்தம், பேச்சு சத்தம், சண்டை போட்டா பக்கத்துத் தெரு வரைக்கும். அவர் போய் ரெண்டு வருஷம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தார், எழுந்திருக்கல. அவ்வளவுதான்.

ஒரே பையன், கடல் தாண்டி வேலை. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான். அதுல நாலு நிமிஷம் "கேக்குதா... இப்பக் கேக்குதா"ன்னே போயிடும்.

மைக்கம்மாவால தாங்க முடியாதது அந்த அமைதிதான். அரைக்க ஒண்ணும் இல்லாம வெறும் மிக்ஸியை ஓட விடுவாங்களாம். கடைக்குப் போயிட்டு வந்தா, பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி தன் வீட்டு காலிங்பெல்லைத் தானே ஒரு தடவை அமுக்குவாங்களாம். உள்ள மணி அடிக்கிறதைக் கேட்டுட்டு... அப்புறம்தான் சாவியைப் போடுவாங்க. எதிர் வீட்டுப் பொண்ணு ஒரு நாள் இதைப் பார்த்துட்டா. "ஒயர் சரியா இருக்கான்னு பார்த்தேன்மா"ன்னு சமாளிச்சாங்களாம்.

அந்த ஏரியாவுல இப்படி நிறைய பேரு. புருஷன் போன பொம்பளைங்க, பொண்டாட்டி போன ஆம்பளைங்க. பெரிய வீடு, பூட்டின ரூமு, ஒரே ஒரு ஆளு. ஒரு தடவை ஒருத்தர் குளியலறையில விழுந்து, நாலு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அதைப் பார்த்து அங்க கிளினிக் வெச்சிருக்கிற டாக்டரம்மாவுக்கு மனசு கேக்கல. தனியா இருக்கிற ஒன்பது பேரைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. அதுக்குப் பேரு சங்கிலி.

விஷயம் சுலபம். காலையில ஆறு மணிக்கு முதல் ஆள் ரெண்டாவது ஆளுக்கு போன் போடணும். எடுக்கிறவங்க "இருக்கேன்"னு சொல்லணும். போட்டவங்களும் "நானும் இருக்கேன்"னு சொல்லிட்டு வெச்சிடணும். அப்புறம் ரெண்டாவது ஆள் மூணாவது ஆளுக்கு. இப்படியே ஒன்பது பேரு. யாராவது எடுக்கலைன்னாலோ, வரவேண்டிய போன் வரலைன்னாலோ, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலைன்னாலோ... உடனே டாக்டரம்மாவுக்குச் சொல்லிடணும். அவங்க ஆள் அனுப்பிப் பார்ப்பாங்க.

மைக்கம்மா ஆறாவது ஆள். அவங்களுக்குப் போன் போடற அஞ்சாவது ஆள், நிலம் அளந்து ரிட்டயர் ஆன ஒரு சர்வேயர். அவருக்கு எழுபத்திரெண்டு. பொண்டாட்டி இறந்து அஞ்சு வருஷம். பிஸ்கட் பேக்டரி மதில் முடியற இடத்துல கடைசி வீடு.

சரியா ஆறு மணி ஆறு நிமிஷத்துக்கு அவர் போன் வரும். முதல் ரெண்டு மாசம் "இருக்கேன்", "நானும் இருக்கேன்"... அதோட சரி. ஒரு நாள் சர்வேயர் தயங்கித் தயங்கி, தப்பா நினைக்கலைன்னா அந்த ஸ்டேஷன் அறிவிப்பை ஒரு தடவை சொல்லிக் காட்ட முடியுமான்னு கேட்டார். மைக்கம்மா தொண்டையைச் செருமிட்டு, "பயணிகள் கவனத்திற்கு... சர்வேயர் வீட்டுப் பால் பாக்கெட் இருபது நிமிடம் தாமதமாக வந்து சேரும்"னு எடுத்து விட்டாங்க. மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். ரெண்டு வருஷத்துல அவங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் பேச்சு நீண்டுச்சு. அஞ்சு நிமிஷம்... எட்டு நிமிஷம். ஏழாவது ஆள் சண்டைக்கே வந்துட்டார், என்னை உசுரோட இருக்கேனான்னு கேக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும் போல இருக்கேன்னு. சர்வேயர் எதையும் அளந்து சொல்ற ஆள். கட்டில்ல இருந்து வாசல் கேட்டுக்கு நாப்பத்தோரு அடி வெப்பார். பொண்டாட்டி இருந்தப்போ அது முப்பத்தெட்டாம். இப்பக் கால் எட்டிப் போட முடியலைம்பார். ஒரே ஒரு தடவைதான் ரெண்டு பேரும் நேர்ல பார்த்தது, டாக்டரம்மா கிளினிக்குல. மத்தபடி வெறும் குரல். ஆனா மைக்கம்மாவுக்கு அந்த வீடே அத்துப்படி. அவர் பேசும்போது பின்னாடி ஒரு ஃபேன் ஓடும்... இறக்கை எதுலயோ உரசி, கடக்... கடக்... கடக்னு. ஜன்னலுக்கு வெளிய காக்கா. இருபத்தெட்டு வருஷம் சத்தத்தோட பொழைச்ச காதாச்சே.

ஒரு வியாழக்கிழமை. ஆறு மணி ஆறு நிமிஷம். போன் வந்துச்சு.

"இருக்கேன்"னாங்க மைக்கம்மா.

அந்தப் பக்கம் சர்வேயர், "நல்லாத் தூங்கினீங்களா?"ன்னு கேட்டார்.

குரல் அவர் குரல்தான். தெளிவா இருக்கு. முன்னை விடத் தெளிவா. ஆனா பின்னாடி... ஒண்ணும் இல்ல. ஃபேன் இல்ல. காக்கா இல்ல. மைக்கம்மா சொல்லுவாங்களாம், மைக்கு சும்மா ஆன்ல இருந்தாக்கூட ஒரு சின்ன இரைச்சல் இருக்கும்டி, காத்தோட மூச்சு மாதிரி... அதுகூட இல்லன்னு. பஞ்சு அடைச்ச டப்பாக்குள்ள இருந்து ஒருத்தர் பேசற மாதிரி.

ஃபேன் ரிப்பேரான்னு கேட்டாங்க. அவர் அதைக் காதுலயே வாங்கல. வேற ஏதோ பேசினார், நல்லாத்தான் பேசினார். போனை வெச்சப்புறம்தான் மைக்கம்மாவுக்கு உறைச்சுது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லல.

மறுநாளும் சொல்லல.

மூணாவது நாள் மைக்கம்மா விடல. "நான் இருக்கேன். நீங்க சொல்லுங்க"ன்னாங்க.   அதுக்கு அவர், "உங்க குரலைக் கேட்டுட்டே இருக்கலாம் போல இருக்கு"ன்னார்.

இப்ப, சட்டப்படி என்ன செய்யணும்? டாக்டரம்மாவுக்குச் சொல்லணும். நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கு. மைக்கம்மா போனை எடுத்து நம்பரை அழுத்தினாங்க... அழிச்சாங்க. மறுபடி அழுத்தினாங்க... அழிச்சாங்க.

ஏன்னா, சொன்னா என்ன ஆகும்? ஆள் போய்ப் பார்ப்பாங்க. அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அவர் பொண்ணுக்குச் சொல்லுவாங்க. பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடும். அப்புறம் ஆறு மணி ஆறு நிமிஷத்துக்கு யாரு போன் போடுவா? மனுஷன் மறந்து போய்ச் சொல்லாம விடறார், வயசாகுதில்லன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. அது பொய்னு சொல்லும்போதே தெரியும் அவங்களுக்கு.

போன் வந்துட்டேதான் இருந்துச்சு. நேரம் மட்டும் முன்னாடி முன்னாடி போச்சு. ஆறு மணிக்குச் சங்கிலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே... அஞ்சே முக்கால். அஞ்சரை. மைக்கம்மாவும் அலாரம் வெச்சு எழுந்து, முகம் கழுவி, தலை வாரிட்டு உக்காந்திருப்பாங்க. போன்ல பேசறதுக்குத் தலை வாருவானேன்னு என் சிநேகிதி கேட்டாளாம். பெரியம்மா பேச்சை மாத்திட்டாங்களாம்.

ஆறாவது நாள்ல இருந்து சர்வேயர் பேச்சு குறைஞ்சுது. கேள்விதான் கேட்டார். இன்னைக்கு வெளிச்சம் வந்துடுச்சா? மழை பெய்யுதா? என்ன கிழமை? குருடன் கேக்கற மாதிரி. ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை... மணி நாலே முக்கால். போன்.

"இங்க ரொம்ப நாளா யாரும் வரல. நீங்க ஒரு தடவை வாங்களேன். கதவு திறந்துதான் இருக்கு."

 மைக்கம்மா குடையை எடுத்தாங்க. செருப்பைப் போட்டாங்க. எதுக்குப் போனாங்கன்னு அவங்களுக்கே இன்னைக்கு வரைக்கும் சொல்லத் தெரியல. போனை மட்டும் வெக்கல. அவர் வெக்க வேண்டாம்னு சொல்லியிருந்தார்.

மதில் முடிஞ்சுது. வெண்ணெய் கருகின வாசனை அதோட நின்னுச்சு. அதுக்கப்புறம் வேற வாசனை. முதல்ல லேசா. செத்த எலி எங்கயாவது கிடக்குதோன்னு நினைக்கிற மாதிரி... அப்புறம் எலி அளவுக்கு இல்லன்னு தெரியற மாதிரி.

"இடது பக்கம் கேட்டு. கொக்கி கீழ இருக்கும்."

கீழதான் இருந்துச்சு. க்ரீச்... திறந்தாங்க. வாசல் விளக்கு எரியுது. அது எத்தனை நாளா எரியுதோ, பூச்சியா விழுந்து கீழ குவிஞ்சு கிடக்கு.

"நாப்பத்தோரு அடி. மெதுவா வாங்க."

முந்தானையை மூக்குல அமுக்கிட்டு மைக்கம்மா எண்ணிக்கிட்டே போனாங்க. பத்து... பதினஞ்சு... கதவு. தள்ளினாங்க. திறந்துச்சு. ஹாலு இருட்டு. அங்க கேட்டுது அந்தச் சத்தம்.

கடக்... கடக்... கடக்...

ஃபேன் ஓடிட்டுத்தான் இருக்கு. ஒன்பது நாளா போன்ல கேக்காத ஃபேன், வீட்டுக்குள்ள ஓடிட்டு இருக்கு. அப்ப அவர் குரல் இந்த வீட்டுல இருந்து வரல. இடது காதுல ஃபேன் சத்தம். வலது காதுல போன்... அந்தப் பஞ்சு அமைதி. நடுவுல மைக்கம்மா.

முப்பது... முப்பத்தாறு... சமையலறைக் குழாய், டொக்... நாப்பது.

நாப்பத்தோராவது அடியில கால்ல ஏதோ தட்டுச்சு. சுவத்தைத் தடவி சுவிட்சைப் போட்டாங்க.

கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல, தரையில, ஒருக்களிச்சு... நான் விவரமாச் சொல்ல மாட்டேன். கேக்காதீங்க. ஒன்பது நாள். அவ்வளவு போதும். அவர் போன் கட்டிலுக்கு மேல இருக்கு, திரை கறுத்துப் போய். சார்ஜ் இல்லாம எப்பவோ செத்த போன்.

ஆனா மைக்கம்மா காதுல அவர் குரல் கேக்குது. மெதுவா. இதுவரைக்கும் அவ்வளவு மெதுவா அவர் பேசினதே இல்ல.

"வந்துட்டீங்களா? ...பார்த்துட்டுச் சொல்லுங்க. நான் இருக்கேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். தனக்குத்தானே ஒரு வாரமாச் சொன்னவங்கதானே. இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... நாளைக்கும் அந்த போன் வந்திருக்கும். அதுக்கு அடுத்த நாளும் வந்திருக்கும். அதை மைக்கம்மாவும் நினைச்சாங்களாம். அந்த நாத்தத்துல, அந்த ரூமுல, அந்தக் கோலத்தைப் பார்த்துட்டே... ஒரு நிமிஷம் அதைத்தான் நினைச்சேன்னு அழுதாங்களாம்.

அப்புறம் குரலைச் சரி பண்ணிக்கிட்டாங்க. எத்தனையோ பேருகிட்ட, நீங்க ஓடி வந்தும் பிரயோஜனம் இல்ல, வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்ன குரலு.

"இல்லைங்க. நீங்க இல்ல."

போன்ல பெருசா ஒரு மூச்சு. பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. ஃபேன் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு.

டாக்டரம்மா வந்தாங்க, போலீஸ் வந்துச்சு. மாரடைப்பு, ஒன்பது நாளுக்கு முன்னாடி ராத்திரின்னு சொல்லிட்டாங்க. சர்வேயரோட பொண்ணு வந்து எல்லாம் முடிச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டுப் போச்சு. மைக்கம்மா டாக்டரம்மா முன்னாடி உக்காந்து, மூணாவது நாளே எனக்குத் தெரியும், நான்தான் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டாங்க. டாக்டரம்மா திட்டல. ரொம்ப நேரம் அவங்க கையைப் பிடிச்சுட்டு இருந்தாங்களாம். ஆனா ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. சர்வேயருக்குப் போன் போடற நாலாவது ஆள் ஏன் சொல்லல?

நாலாவது ஆள் ஒரு தையல்காரர். சங்கிலியில சேர்ந்து மூணு வாரம்தான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. மனுஷன் வெலவெலத்துப் போயிட்டார். நான் தினமும் தவறாமப் போட்டேன்னார். எடுத்தாங்களேன்னார்.

"யாரு எடுத்தது?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"ஒரு அம்மா எடுத்தாங்க. அவர் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம், நான் பக்கத்துலயேதான் இருக்கேன்னாங்க. சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். இருக்கேன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்க இல்லையா..."

சர்வேயரோட போன் ரெண்டாவது நாளே அணைஞ்சு போச்சுன்னு போலீஸ் சொல்லியிருந்துச்சு.

டாக்டரம்மா முகம் வெளுத்துப் போச்சு. மைக்கம்மா மட்டும் பயப்படலையாம். அவங்களுக்கு வந்தது வேற. அஞ்சு வருஷம் முன்னாடி போன பொண்டாட்டி அவர் பக்கத்துல வந்து உக்காந்திருக்கா... என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா எங்க போனார்? ஒரு தடவை எட்டிப் பார்க்கலையேன்னு கோபம். வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்கு முன்னாடி நின்னு, உமக்குக் காதுதான் கேக்காது, கண்ணுமா தெரியாதுன்னு சண்டை போட்டாங்களாம். பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

என் சிநேகிதி போய், எங்க வீட்டுக்கு வந்துடுங்க பெரியம்மான்னு கெஞ்சினா. வரமாட்டேன்னுட்டாங்க. சங்கிலியை விட மாட்டேன்னாங்க. இப்ப எட்டு பேரு. தையல்காரர் நேரா மைக்கம்மாவுக்கே போன் போடறார்.

சிநேகிதி ரெண்டு நாள் அங்க தங்கினா. காலையில போன் அடிக்குது... ஹால்ல, மேஜை மேல. பெரியம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு அதையே பார்த்துட்டு இருக்காங்க. எடுக்கல. நாலு தடவை, அஞ்சு தடவை மணி அடிக்க விட்டுட்டு, கட்டாகப் போற நேரத்துக்குப் போய் எடுத்து "இருக்கேன்"ங்கறாங்க. ரெண்டு நாளும் அப்படியேதான். என்ன பெரியம்மா, முட்டி வலியான்னு இவ கேட்டிருக்கா.

"இல்லடி. உங்க பெரியப்பா எடுக்கறாரான்னு பார்க்கிறேன்."

இதைச் சொல்லும்போது அவங்க சிரிக்கலையாம்.

சிநேகிதி திரும்பி வந்துட்டா. வேலை, குழந்தைங்கன்னு ஓடிட்டு இருந்தா. போன செவ்வாய்க்கிழமை பெரியம்மாகிட்ட இருந்து போன். குரல் ஒரு மாதிரி இருந்துச்சாம், சின்னப் பொண்ணு ரகசியம் சொல்ற மாதிரி. அன்னைக்குக் காலையில வழக்கம் போல நின்னுட்டு இருந்தாங்களாம். மணி ஒரு தடவை அடிச்சுது... ரெண்டு... மூணு. மூணாவது மணி பாதியிலேயே நின்னு போச்சு. தையல்காரர் வெச்சுட்டார் போலன்னு நினைச்சு, மெதுவா நடந்து போய்க் குனிஞ்சு பார்த்திருக்காங்க.

கால் கட் ஆகல. எடுத்தாச்சு. திரையில நொடி ஓடிட்டு இருந்துச்சாம்... பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு...